பூமி சூரியனைச் சுற்றுகிறதா? வன்னியில் இருந்தே சான்று சேர்க்க ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கோ, விஞ்ஞான மன்றத்துக்கோ, வீட்டில் பிள்ளை கேட்டுவிட்ட கேள்விக்கோ "பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று தேடத் தொடங்குகிறீர்களா? எல்லோரும் உடனே எடுத்துத் தரும் ஆதாரங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு உதவாது. பகல் இரவு வருவது, மாரியும் கோடையும் மாறுவது, கிரகணம் பிடிப்பது எல்லாம் பூமி அசையாமல் நின்றாலும் நடக்கக்கூடியவை. கிளிநொச்சிப் பக்கத்தில் பிள்ளைகள் சிலரோடு இதை ஒரு வருடக் கோப்பாகச் செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கே கடிதம் கொடுப்பது, எந்த மாதத்தில் வானம் திறக்கும், எதற்குக் காசு செலவழிக்கக்கூடாது என்று முன்னரே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். யார் எப்போது கண்டுபிடித்தார் என்ற கதையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

1. எதைக் காட்டப் போகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பூமி தன்னைத் தானே சுற்றுவது ஒரு விஷயம், சூரியனைச் சுற்றி வருவது இன்னொரு விஷயம். நீளக் கயிற்றில் ஆடும் குண்டு மெல்ல மெல்லத் திசை திரும்புவதைக் காட்டும் பூக்கோ ஊசல் முதலாவதற்கு அருமையான சான்று. இரண்டாவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அதோடு எங்கள் அகலக்கோட்டில் அந்த ஊசல் ஒரு முழுச்சுற்றுத் திரும்ப ஆறு நாளுக்கு மேல் எடுக்கும், மணிக்கு இரண்டரைப் பாகைகூட வராது. மண்டபத்தில் தொங்கவிட்டுக் காட்டுவோம் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

சூரியனைச் சுற்றுவது பற்றிய கேள்விக்கு மட்டும் வந்தால், போட்டியில் மூன்று படங்கள் இருக்கின்றன. கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை வரைந்துவிடுங்கள்.

படம் அ: பூமி நடுவில் நிற்கிறது. சூரியன், சந்திரன், கோள்கள், நட்சத்திரங்கள் எல்லாம் அதைச் சுற்றுகின்றன.

படம் ஆ: பூமி நிற்கிறது. சூரியன் பூமியைச் சுற்றுகிறது, ஆனால் வெள்ளி, செவ்வாய், வியாழன் போன்றவை அந்தச் சூரியனைச் சுற்றுகின்றன. டைக்கோ பிராகே என்ற டென்மார்க்காரர் முன்வைத்த படம் இது.

படம் இ: சூரியன் நடுவில், பூமியும் மற்றக் கோள்களும் அதைச் சுற்றுகின்றன.

பொதுவாக ஆட்கள் அ ஒன்றையே எதிராளியாக நினைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். அதை விழுத்துவது சுலபம். உண்மையான தலையிடி ஆ தான், ஏனென்றால் நிலத்தில் நின்று பார்க்கிற எங்களுக்கு ஆ படத்தில் ஒரு கோள் எந்தத் திசையில் தெரியுமோ, இ படத்திலும் அதே திசையில்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு அவதானத்தையும் எழுதி முடித்தவுடன் பக்கத்தில் ஒரு நிரல் போட்டு "இது எந்தப் படத்தை வெட்டுகிறது?" என்று கேளுங்கள். பல இடங்களில் "ஒன்றையும் வெட்டவில்லை" என்று எழுத வேண்டி வரும். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

2. கொப்பியும் கடிதங்களும்

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி போதும். இடப்பக்கத்தில் கண்டது, அளந்தது மட்டும்: திகதி, நேரம், இடம், யார் பார்த்தார், வானம் எப்படி இருந்தது, அளவு. வலப்பக்கத்தில் விளக்கம். "மதிய நிழல் தெற்குப் பக்கமாக 25 சென்ரிமீற்றர்" இடப்பக்கத்துக்குரியது. "சூரியன் வடக்கே போய்விட்டது", "பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது" இரண்டும் வலப்பக்கத்துக்குரியவை. இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்க நாள் எடுக்கும், ஆனால் ஒன்பதாம் படியில் "தியரிதானே" என்று ஒருவர் கேட்கும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இந்த நடுக்கோடுதான். பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், வெள்ளை பூசி அழிக்க வேண்டாம்.

இரவில் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் தேவைப்படும் கடிதங்கள்:

அதிபரின் அனுமதிக் கடிதம் ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதம், அதில் வீடு திரும்பும் நேரமும் யார் கூட்டிப்போவார் என்பதும் இருக்க வேண்டும். கிராம அலுவலருக்கு ஒரு அறிவித்தல், பொலிஸுக்கு அதன் பிரதி. குளக்கட்டில் நின்று பார்ப்பதென்றால் கமக்காரர் அமைப்பிடமும் நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். முகாம்களுக்குப் பக்கத்தில் இரவில் ஒரு குழலை முக்காலியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள், அந்த நேரம் சட்டைப்பையில் முத்திரை குத்திய பிரதி இருந்தால் கதை இரண்டு நிமிடத்தில் முடியும்.

கடிதங்களை ஒரு மாதம் முந்தியே கொடுத்துவிடுங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் கடிதம் மேசை மேசையாகப் போய் கடைசியில் "இது எங்கட விஷயம் இல்லை" என்று திரும்பி வந்தது. கொடுக்கும்போதே இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டால், பதில் வராவிட்டாலும் அறிவித்ததற்குச் சாட்சி இருக்கும்.

இருட்டான இடம் தேடிப் பற்றைக்குள் போக வேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதை மட்டும் நம்பாமல், ஊரார் தினமும் நடமாடுகிற இடத்தையே எடுங்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களில் யானைப் பயமும் உண்டு, அறுவடை முடிந்த வயலில் கண்ணாடி விரியன் கிடக்கும். சப்பாத்து, டோர்ச், ஊர் ஆள் ஒருவர், இவை இல்லாமல் இறங்காதீர்கள். பள்ளிக்கூட மைதானமே போதுமான இருட்டு, ஏ9 வீதி வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்காத மூலையாகப் பாருங்கள்.

3. செலவு

கொப்பி, நூல், ஒரு மீற்றர் பீவீசீ குழாய், பழைய பெயின்ற் வாளி, கொஞ்சம் சீமெந்து: எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாவில் இருந்து ஆயிரம் சொச்சம் வரும். படங்கள் அச்சடிக்கவும் போட்டோகொப்பிக்கும் இன்னொரு ஆயிரம் ஒதுக்குங்கள்.

பைனோகுலர் (10×50) தான் பெரிய செலவு. விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இலக்கம் சொன்னால் நாளைக்கே பிழைக்கும், ஆனால் மிக மலிவாக "100 மடங்கு பெருக்கும்" என்று விளம்பரம் செய்பவற்றை வாங்கவே வாங்காதீர்கள். சிறிய தொலைகாட்டி, 70 மில்லிமீற்றர் வில்லை உள்ளது, கிடைத்தால் நல்லது. அது ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை வரும். வலயத்தில் எந்தப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலாவது பெட்டி திறக்காமல் ஒன்று கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், இரவல் கடிதம் எழுதுவது வாங்குவதை விட இலேசு.

சூரியனை நேராகப் பார்க்கிற வேலை இந்தக் கோப்பில் எங்குமே இல்லை, அதனால் அதற்கான கண்ணாடியும் தேவையில்லை. 2019 டிசம்பர் 26 இல் வடக்கில் வளையக் கிரகணம் தெரிந்தபோது வெல்டிங் கண்ணாடி தேடிய ஞாபகத்தில் யாராவது கொண்டுவந்து தருவார்கள். சாதாரணமாக விற்பவை 14 ஆம் இலக்கத்தை விட மெல்லியவை, கண்ணுக்குக் காப்பில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. நிழல் கம்பு

குழாயை வாளிக்குள் சீமெந்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டி நிமிர்வு பாருங்கள். நிலத்தில் இருந்து உச்சிவரை சரியாக 1 மீற்றர். மரக்கம்பு நட்டால் கறையான் தின்றுவிடும், கயிறு கட்டி வேலி போடாவிட்டால் ஆடு முட்டிவிடும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான வட்டம், அதனால் நிழலின் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கலங்கலாக விழும். உச்சியில் சிறு துளை போட்ட தகரத் துண்டொன்றை ஒட்டினால் நிழலுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், அதன் நடுவை அளப்பது திருத்தமாக இருக்கும்.

இங்கே எல்லோரும் விழும் குழி: மதியம் 12 மணிக்கு அளப்பது. எங்கள் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கானது, கிளிநொச்சி கிட்டத்தட்ட 80.4 பாகையில் இருக்கிறது, அதனால் சூரியன் உச்சத்துக்கு வருவது சராசரியாக 8 நிமிடம் பிந்தி. அந்தச் சராசரியும் வருடம் முழுக்க ஆடும். பெப்ரவரி நடுப்பகுதியில் 12.22 அளவில், நவம்பர் தொடக்கத்தில் 11.52 அளவில். ஆகவே 11.45 இல் இருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறி போட்டு, ஆகக் குறுகிய நிழலை எடுங்கள்.

வரவேண்டிய அளவுகள் (கிளிநொச்சிக்கு): டிசம்பர் 21 அளவில் வடக்குப் பக்கம் 64 சென்ரிமீற்றர் சொச்சம். மார்ச், செப்டெம்பர் சம இரவு நாட்களில் வடக்கே 16 தொடக்கம் 17. ஜூன் 21 அளவில் நிழல் தெற்குப் பக்கம் புரண்டு 25. இடையில் ஏப்ரல் 14 அளவிலும் ஓகஸ்ட் 28, 29 அளவிலும் நிழலே இல்லாத மதியம் வரும், வவுனியாவில் சித்திரை நிழலில்லா நாள் ஓரிரு நாள் முந்தி. சித்திரை வருடப்பிறப்பன்று 12.09 அளவில் கம்புக்கு நிழல் இல்லை என்பதைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஊரே வந்து பார்க்கும்.

டிசம்பர் 21 இல் மழை என்றால் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் நிழல் மிக மெதுவாக மாறும், ஒரு கிழமை முந்திப் பிந்தி அளந்தாலும் அரைச் சென்ரிமீற்றர் அளவே வித்தியாசம். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நிலைமை எதிர், ஒரு நாளுக்கே 7 மில்லிமீற்றர் நகரும், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

சரி, இவ்வளவும் செய்து எந்தப் படம் வெட்டப்பட்டது? ஒன்றும் இல்லை. சூரியன் சாய்ந்த பாதையில் வருடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றினாலும் இதே நிழல்தான் விழும். வலப்பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். வருடம் என்ற காலம் எவ்வளவு என்பதை உங்கள் கையாலேயே அளந்தீர்கள் என்பதுதான் இங்கே கிடைத்த இலாபம், அது எட்டாம் படியில் வேண்டும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. வெயில் காலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்ட வருகிறது என்று யாராவது எழுதியிருப்பார்கள். பூமி ஆகக் கிட்ட (14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர்) வருவது ஜனவரி முதல் கிழமையில், ஆகத் தூரத்தில் (15 கோடி 21 இலட்சம்) ஜூலை முதல் கிழமையில்.

5. நட்சத்திரங்களின் நாலு நிமிடம்

கார்த்திகைக் கூட்டத்தையோ ரோகிணியையோ எடுத்து, ஒரு பனையின் தலைக்கு நேராக வரும் நேரத்தைக் கிழமைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எழுதுங்கள். நாளுக்கு 4 நிமிடம் (திருத்தமாக 3 நிமிடம் 56 செக்கன்) முந்தி வரும், கிழமைக்கு அரை மணித்தியாலம். செலவு பூச்சியம். வெட்டும் படமும் பூச்சியம். ஆனாலும் செய்யுங்கள், வானத்தைப் பார்த்துப் பழகாத பிள்ளை அடுத்த படியில் தடுமாறும்.

6. வெள்ளியின் பிறை: படம் அ விழும் இடம்

2026 இல் தொடங்குகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். வெள்ளி பங்குனியில் இருந்து ஒக்டோபர் தொடக்கம்வரை மாலை வானில் நிற்கும், அதில் நடுப்பகுதி எங்கள் கோடையோடு பொருந்துகிறது. ஜூனில் முக்கால் வட்டத்துக்கு மேல், சின்னதாக. ஓகஸ்ட் 15 அளவில் பாதி. செப்டெம்பர் கடைசியில் மெல்லிய பிறை, ஆனால் பெரிதாக. ஒக்டோபர் 24 இல் சூரியனுக்கும் எங்களுக்கும் இடையில் போய் மறைந்துவிடும், பிறகு விடிவெள்ளியாக வரும்போது மாரி மழை. இந்த வருடத்தைத் தவறவிட்டால் அதே சுற்று ஏறத்தாழ 19 மாதத்துக்கு ஒருமுறை வரும், எந்த மாதத்தில் விழுகிறது என்பது மாறும்.

தொலைகாட்டியில் 50 மடங்கு போதும். பைனோகுலரில் செப்டெம்பர் நடுவுக்குப் பிறகுதான் பிறை தெரியும், அதுவும் கையில் பிடித்தால் ஆடும், மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நன்றாக இருண்ட பிறகு பார்த்தால் ஒளி கண்ணைக் கூசி உருவம் தெரியாது. சூரியன் முழுதாக மறைந்து, வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்த இருபது நிமிடம்தான் நேரம். சூரியன் மறைய முன்னர் குழலைத் திருப்பவே விடாதீர்கள். போனை வில்லையில் வைத்துப் படம் எடுப்பதோடு, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக, மற்றவருடையதைப் பார்க்காமல், கண்டதை வரைய வேண்டும். வரைந்த தாளில் கையொப்பம்.

வெள்ளி எப்போதும் சூரியனை விட்டுத் தூரப் போவதில்லை. அ படத்தில் அது எங்களுக்கும் சூரியனுக்கும் இடையிலேயே நின்று சுற்றுவதால் பிறையாக மட்டுமே தெரிய முடியும், பாதிக்கு மேல் ஒளிர்ந்த வட்டமாகத் தெரியவே முடியாது. உங்கள் ஜூன் மாத வரைபடம் முக்கால் வட்டத்துக்கு மேல் காட்டுகிறது, அதுவும் சின்னதாக, அதாவது வெள்ளி சூரியனுக்கு அந்தப் பக்கம் நின்றது. அ முடிந்தது. ஆ நிற்கிறது, ஏனென்றால் அதிலும் வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது.

7. செவ்வாயின் வக்கிரம்

பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் வக்கிரம் என்றால் தெரியும்: கோள் முன்னேறுவதை விட்டுக் கொஞ்சக் காலம் பின்னோக்கி நகர்வது. செவ்வாய் 2027 ஜனவரி 10 அளவில் திரும்பி, பெப்ரவரி 19 இல் சூரியனுக்கு நேரெதிரே மகம் நட்சத்திரத்தை ஒட்டி நின்று, ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி முன்னோக்கிப் புறப்படும். கையை நீட்டி மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை, அதை வைத்து மகத்தில் இருந்து எவ்வளவு தள்ளி என்று கிழமைக்கு ஒருமுறை குறித்தாலே இரண்டு முட்டி அளவு பின்னகர்வு தெரியும். வியாழனும் அந்தப் பக்கத்தில்தான் அப்போது நிற்கும், வெள்ளையாகவும் பிரகாசமாகவும் இருப்பது அது, சிவப்பு செவ்வாய். ஜனவரிப் பகுதி மழையில் போகலாம், பெப்ரவரிக்குப் பிறகு வானம் துப்புரவு.

மூன்று படங்களாலும் இதை விளக்க முடியும். ஆனால் வக்கிரம் ஒவ்வொரு முறையும் செவ்வாய் சூரியனுக்கு எதிரே வரும்போதே ஏன் நடக்கிறது, அதே நாட்களில் ஏன் ஆகப் பிரகாசமாகிறது என்று கேட்டால், அ "அப்படித்தான் அமைந்திருக்கிறது" என்று சொல்லும். இ-யில் இது தானாகவே வந்துவிடுகிறது: வேகமாக ஓடும் பூமி உள்வட்டத்தில் செவ்வாயை முந்துகிறது.

8. படம் ஆ-வை வெட்டுவது

முற்றத்தில் நின்று இதைச் செய்ய முடியாது. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள், பார்வையாளர் மதிப்பார்கள். தேவைப்படுவது தரவு, அதற்கு இணையம். பூமி உண்மையிலேயே ஓடுகிறது என்றால் மூன்று விஷயம் நடக்க வேண்டும், மூன்றும் நடக்கின்றன.

முதலாவது, ஒளிப்பிறழ்ச்சி. மழைக்குள் ஏ9 இல் மோட்டார் சைக்கிள் ஓடினால் நேரே விழும் மழையும் முகத்தில் சாய்வாக அடிக்கும், திரும்பி வந்தால் மற்றப் பக்கச் சாய்வு. ஓடும் பூமியில் நட்சத்திர ஒளியும் அப்படிச் சாயும். பூமியின் வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர், ஒளி 300,000, ஆகவே சாய்வு பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அது 20.5 விகலை (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஒரு விகலை). அளந்து கிடைத்ததும் அதுவே, ஜேம்ஸ் பிராட்லி 1729 இல் அறிவித்தார். இதில் கவனிக்க வேண்டியது, நட்சத்திரம் கிட்டவோ தூரவோ எல்லாவற்றுக்கும் சாய்வின் அளவு ஒன்றே. ஓடுவது நாங்கள் என்றால்தான் அப்படி வரும்.

இரண்டாவது, இடமாறு தோற்றம். ஆறு மாதத்தில் நாங்கள் 30 கோடி கிலோமீற்றர் மறுபக்கம் போய்விடுவதால் கிட்டிய நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களுக்கு முன்னால் நகர்ந்து தெரிய வேண்டும். ஆகக் கிட்டிய புரொக்சிமா சென்ரோறிக்கே 0.77 விகலைதான். ஒரு விகலை என்பது 2 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் ஒரு சென்ரிமீற்றர். இந்தச் சின்ன அளவைப் பிடிக்க முடியாததால்தான் 1838 இல் பெசல் அளக்கும்வரை டைக்கோவின் பக்கம் நியாயமான ஒரு வாதம் இருந்தது. இன்று காயா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இதை அளந்து தந்திருக்கிறது, அட்டவணை இலவசம். 3.26 ஐ விகலைக் கணக்கால் பிரித்தால் தூரம் ஒளியாண்டில் வரும், பத்து நட்சத்திரத்துக்குப் பிள்ளைகளைச் செய்யவிடுங்கள்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, டொப்ளர் விளைவு: விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும் நெருங்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும் கொஞ்சம் நகரும், அந்த நகர்வை அளந்தால் வேகம் தெரியும். ரோகிணியை எடுங்கள். அது எங்களை விட்டுச் செக்கனுக்கு 54 கிலோமீற்றரில் விலகிப் போகிறது என்று அட்டவணையில் இருக்கும். ஆனால் பூமியில் நின்று நேரே அளந்தால் செப்டெம்பர் தொடக்கத்தில் 24 அளவிலும் மார்ச் தொடக்கத்தில் 84 அளவிலும் வரும், ஏனென்றால் செப்டெம்பரில் நாங்கள் அதை நோக்கி ஓடுகிறோம், மார்ச்சில் விட்டு ஓடுகிறோம்.

இங்கேதான் பெரிய குழி. ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் திறந்த களஞ்சியத்தில் நிறமாலைகளை (நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவுகளை) இறக்கி வரைந்தால் இந்த ஆட்டம் தெரியாமலே போகலாம், மார்ச்சும் செப்டெம்பரும் ஒன்றாகவே நிற்கும். காரணம், பல கோப்புகளில் பூமியின் வேகத்தை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். கழித்த அளவு கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும், அதைத் திருப்பிக் கூட்டுங்கள். இந்தக் கழித்தலையே ஒரு சான்றாகக் கண்காட்சியில் வைக்கலாம்: 1995 இல் 51 பெகாசி என்ற நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதைக் கண்டது, நட்சத்திரம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 56 மீற்றர் ஆடியதை வைத்து. பூமியின் ஓட்டம் அதைப்போல் 500 மடங்கு. அதைச் சரியாகக் கழிக்காமல் அந்தக் கோளைக் கண்டிருக்கவே முடியாது.

கடைசியாக ஒரு கணக்கு. சூரியனின் தூரம் 15 கோடி கிலோமீற்றர் என்பது வெள்ளிக்கு ரேடார் அனுப்பித் திரும்பிய நேரத்தில் இருந்து உறுதியானது. சுற்றளவு 94 கோடி கிலோமீற்றர். நிழல் கம்பில் நீங்கள் அளந்த வருடத்தைச் செக்கனாக்கினால் 3 கோடி 15 இலட்சம் சொச்சம். பிரித்தால் 30. ஒளியின் சாய்வும் 30 சொல்கிறது, நிறமாலையும் 30 சொல்கிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று வழி. இந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகளை எப்போது பார்ப்பது என்று திட்டமிட மட்டும் பாவியுங்கள். அவை இ படத்தின் கணக்கைக் கொண்டே வானத்தை வரைகின்றன, அதன் திரைப்பிடிப்பைச் சான்றாக ஒட்டினால் கேள்வியையே பதிலாகக் கொடுத்ததாகிவிடும்.

9. "அது தியரிதானே" என்று கேட்பவருக்கு

கட்டாயம் ஒருவர் கேட்பார். கொப்பியைத் திறந்து வையுங்கள். இடப்பக்கத்தில் இருப்பவை தரவுகள், யார் அளந்தாலும் அதே வரும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது அந்தத் தரவுகளில் இருந்து எடுத்த முடிவு, ஆனால் இத்தனை தனித்தனி வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அதை உண்மை என்று சொல்லத் தயங்க நியாயம் இல்லை. ஏன் சுற்றுகிறது, எப்படிச் சுற்றுகிறது என்று சொல்வது கோட்பாடு: நியூட்டனின் ஈர்ப்பு, பிறகு ஐன்ஸ்டைனின் சார்பியல். கோட்பாடு வளர்ந்து ஒருநாள் உண்மையாக மாறுவதில்லை. அதன் வேலையே வேறு, உண்மைகளைக் கோத்து, இன்னும் காணாததைச் சொல்லித் தருவது. 1846 இல் நெப்டியூன் எங்கே இருக்கும் என்று லெவெரியே தாளில் கணக்குப் போட்டார், தேடிய முதல் இரவே ஒரு பாகைக்குள் அகப்பட்டது.

அதே நியூட்டன் கோட்பாடு புதனிடம் தோற்றது. புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை அதிகமாகத் திரும்பியதை 1915 இல் ஐன்ஸ்டைன்தான் விளக்கினார். கோட்பாடு மாறியது. பூமி சூரியனைச் சுற்றுவது மாறவில்லை, உங்கள் கம்பின் நிழலும் மாறவில்லை. கேட்டவரிடம் இந்த ஒரு உதாரணத்தைச் சொன்னாலே போதும்.

அப்புறம், பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருவார். "நாங்கள் பூமியை நடுவில் வைச்சுத்தான் கணிக்கிறம், கிரகணம் நிமிடம் பிசகாமல் வருதே" என்பார். மரியாதையாக, "ஓம் ஐயா" என்று ஒத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் சொல்வது சரி. வானத்தில் கோள் எந்தத் திசையில் தெரியும் என்று கணிக்கப் பூமியை நடுவில் வைப்பது வசதி, வானியலாளரும் தொலைகாட்டியைத் திருப்ப அதைத்தான் செய்கிறார்கள். கிரகணமோ மூன்று படத்திலும் ஒரே நேரத்துக்கு வரும், அதனால் அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

உயர்தரப் பிள்ளை யாராவது "சார்பியலின்படி எதையும் நடுவில் வைக்கலாமே சேர்" என்று மடக்கப் பார்க்கும். கணக்குக்கு வைக்கலாம். ஆனால் பூமியை அசையாமல் நிறுத்தினால், நூறு கோடி நட்சத்திரங்களும் வருடத்துக்கு ஒருமுறை எங்களோடு தாளம் போட்டு ஆட வேண்டும், அவற்றை அப்படி ஆட்டுவது எது என்று சொல்ல வேண்டும். சூரியனின் திணிவு பூமியைப்போல் 333,000 மடங்கு. இரண்டும் ஒரு பொதுமையத்தைத்தான் சுற்றுகின்றன, அந்த மையம் சூரியனின் நடுவில் இருந்து 450 கிலோமீற்றர் அளவில், சூரியனுக்கு உள்ளேயே கிடக்கிறது. பிள்ளை விடாமல் நின்றால் கொப்பியைக் கொடுத்து ஆ படத்துக்கு வாதாடச் சொல்லுங்கள், கண்காட்சியில் ஆகக் கூட்டம் சேர்வது அந்த மேசையில்தான்.

10. எந்த மாதத்தில் என்ன

பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரை வானம் நல்லது. காலபோக அறுவடை முடிந்து வயலும் வெளியாக இருக்கும், கம்பு நட இதுவே காலம். மே, ஜூனில் சோளகம் எழும்பிப் புழுதி கிளம்பும், மாலையில் அடிவானம் மங்கும், வெள்ளியை உயரமாக நிற்கும்போதே பாருங்கள். ஒக்டோபர் நடுவில் இருந்து ஜனவரி வரை வெளி வேலையை நம்ப வேண்டாம், எட்டாம் படியின் தரவு வேலையை அந்த மழை மாதங்களுக்கு ஒதுக்குங்கள். மின்வெட்டு வரும் என்பதால் கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைப் புதுப்பிக்கவும் அதுவே நேரம், புதிய வருடத்தில் அதிபர் மாறியிருந்தால் பழைய அனுமதி செல்லாது.

முழுக்கோப்புக்கு ஒரு வருடம் வேண்டும். அவ்வளவு காலம் இல்லை, கண்காட்சி மூன்று மாதத்தில் என்றால் நிழல் கம்பையும் செவ்வாயையும் விட்டுவிட்டு வெள்ளியையும் எட்டாம் படியையும் மட்டும் எடுங்கள், அ-வையும் ஆ-வையும் வெட்ட அந்த இரண்டும் போதும். மூலக் கொப்பியை மேசையில் வைக்க வேண்டாம், கைமாறிக் கைமாறிப் பக்கம் கிழியும். போட்டோகொப்பியை வையுங்கள், மூலம் கேட்பவருக்கு எடுத்துக் காட்ட ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும்.